முழங்கை ஆழத்தில் தண்ணீர்

குழு: மணற்காட்டு உறவுகள்

நான், மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலரில் அதிகம் அறியப்படாத ஊர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதில் அம்மாவின் ஊரைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். நாளை இரவுக்குள் கொடுக்க வேண்டும். முதற்பந்தியை இங்கே இடுகிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.

"பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே கடலோரமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் சென்றால் வருவது மணற்காடு. பெயருக்கேற்ப மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத வறண்ட கிராமம் இது. இந்தக் குட்டிப் பாலைவனத்தில் மக்கள் மிக ஆழமான கிணறுகளை வெட்டிக் குடிநீரைப் பெறுகின்றனர்."

மச்சாள், மாலை 6.15
நன்றாக இருக்கிறது. மணற்கும்பியில் எடுத்த நம்முடைய படத்தையும் சேர்த்துக்கொள்.

பெரியப்பா, மாலை 6.31
பிள்ளை, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பொருளில் இரண்டு பிழை இருக்கின்றன, இரண்டும் பெரியவை. வறண்ட ஊர் என்று எழுதியிருக்கிறாய். ஆழமான கிணறு என்றும் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லியடியிலிருந்து படம் எடுக்க வருகிறவர்கள் அப்படி எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளின் மகள் எழுதலாமா?

(இந்தக் குழுவில் முழு வசனத்தில் எழுதுவது என்று நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கை இன்று ஒருவரும் மீற வேண்டாம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.)

குஞ்சியம்மா, மாலை 6.40
அத்தான் சொல்வது சரி. உன் அம்மாவுக்கும் எனக்கும் எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது மாலையில் எங்கள் வேலை பூவல் தோண்டுவதுதான். மணற்கும்பியின் அடிவாரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து இரண்டு கையாலும் மணலை வாருவோம். மேல்மணல் வெள்ளையாக, இன்னும் பகல் வெயிலின் சூட்டோடு இருக்கும். ஒரு சாண் போனதும் மணல் சாம்பல் நிறமாகிக் கையில் ஒட்டத் தொடங்கும். முழங்கை ஆழத்துக்குப் போனால் குழியின் சுவர் மெல்லச் சரியும், அடியில் பால் நிறத்தில் தண்ணீர் கசியும். உடனே அள்ளக் கூடாது. ஒரு நூறு எண்ணும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மணல் அடங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். பிறகு சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவோம்.

அம்மம்மாவுக்கு ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. முழங்கைக்குக் கீழே தோண்டினால் அடி விழும். ஆழமாய்ப் போனால் உவர் ஏறிவிடும் என்பார்.

நான், மாலை 6.44
ஆழமாகத் தோண்டினால்தானே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணா, மாலை 6.58
அது வலிகாமத்துச் சிவப்பு மண்ணில் இருந்து வந்த நினைப்பு. அங்கே சுண்ணாம்புக் கல்லை உடைத்துக்கொண்டு இறங்க வேண்டும். மணற்காட்டின் கதை வேறு, அம்மம்மா சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் மணலுக்குள் இறங்குகிற மழைநீர், அடியிலிருக்கும் கடல்நீரோடு எளிதில் கலக்காமல், அதன் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஊருக்குள்ளே, கரையை ஒட்டிய இடங்களில் இந்த வில்லை மிக மெல்லியது. மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் கிணறு கெட்டுப்போவது அதனால்தான்.

இனி அந்த மழையைப் பார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அதைச் சேமித்து வைக்க ஒரு பாத்திரம் வேண்டாமா? மணற்காட்டில் அந்தப் பாத்திரம் மணற்கும்பிதான்.

பெரியப்பா, மாலை 7.03
கேட்டாயா? மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நீ குறையாக எழுதியதுதான் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி. கட்டுரையை அங்கிருந்து தொடங்கு.

நான், மாலை 7.05
சரி, பெரியப்பா. முதற்பந்தியை அழித்துவிட்டேன். சுற்றுப்புறத்தைப் பற்றியும் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். வல்லிபுரத்துப் பொன்னேட்டை எழுதலாமா?

பெரியப்பா, மாலை 7.22
எழுது, ஆனால் அளவோடு எழுது. 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்தில் கிடைத்த அந்தப் பொன்னேடு பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்டது. தொல்லியலாளர் பரணவிதான அதை வாசித்து வெளியிட்டார். கி.பி. 67 முதல் 111 வரை அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட வசப மன்னன் காலத்தில், நாகதீவை, அதாவது இன்றைய யாழ்ப்பாணக் குடாநாட்டை, அமைச்சர் ஒருவர் நிருவகித்தபோது, விகாரை ஒன்று கட்டப்பட்ட செய்தியை அது சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு யார் முந்தி, யார் பிந்தி என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், உன் கட்டுரையில் அவர்களுக்கு இடம் கொடுக்காதே. நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மணலில் மனிதர்கள் வந்து தங்கிக் கட்டடம் கட்டினார்கள் என்றால், அவர்கள் எதைக் குடித்தார்கள்? அவர்களும் முழங்கை ஆழத்துக்குத்தான் தோண்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வல்லிபுர ஆழ்வார் கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். புரட்டாதியில் நடக்கும் கடல் தீர்த்தத்துக்கு வருகிற சனம், வெறுங்காலோடு மணலில் புதைந்து புதைந்து கடற்கரைக்கு நடக்கிறதே, அந்த நடையை ஒரு வரி எழுதினால் போதும்.

ஆசைமாமா (ரொறன்ரோ), மாலை 7.30
இங்கே இப்போது காலை, வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்து எழுதுகிறேன். மேற்குப் பக்கத்தை ஒருவரும் சொல்லவில்லையே. நம்முடைய ஊர்ப் பக்கம் கடலுக்கும் களப்புக்கும் இடையில் நாடா போலக் கிடக்கிற நிலம். கிழக்கே பெருங்கடல், மேற்கே தொண்டைமானாற்றில் வாய் திறக்கிற நீண்ட வடமராட்சிக் களப்பு. மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் அந்த நாடாவில் முடிச்சுப் போட்டதுபோல வரிசையாக இருக்கும். கடைசியில் சுண்டிக்குளம். இளவயதில் மீன் சந்தைப்படுத்த இந்தப் பாதையில் எத்தனை தடவை சைக்கிள் உழக்கியிருப்பேன்.

அண்ணா, மாலை 7.41
மாமா நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டார். தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டியதே, கடல்நீர் உள்ளே வராமல் மறித்துக் களப்பை மெல்ல மெல்ல நன்னீராக்கத்தான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தில் இன்னும் பெரிய எண்ணம் இருந்தது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவந்து ஆனையிறவுக் களப்பில் விடும் நீரைச் சுண்டிக்குளத்தில் கடலுக்குப் போகாமல் மறித்து, முள்ளியானில் வெட்டுகிற கால்வாய் வழியாக வடமராட்சிக் களப்புக்குத் திருப்ப வேண்டும் என்பது அது. அந்தக் கால்வாயின் நீளம் நாலு கிலோமீற்றர் அளவுதான். அதுவும் முழுமை பெறாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது.

இதே கரையில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்றை 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. பயனுள்ள வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் மழைநீரைப் பிடித்து வைக்கிற மணலை அள்ளிக்கொண்டு போகவிட்டு, மறுபக்கம் மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கிறோம்.

குஞ்சியம்மா, மாலை 7.55
மணல் அகழ்வைச் சொன்னதும் வயிறு எரிகிறது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு டிப்பர் வருகிற சத்தம் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்குக் கேட்கும். விடிந்து போய்ப் பார்த்தால், நேற்று வரை கும்பியாக இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். அதைவிடக் கெடுதல், அந்த இடத்தில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அறுந்துபோய்க் கிடப்பது. அந்த இரண்டும்தான் மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பவை. கொடி போனால் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று மிச்ச மணலை வாரிக்கொண்டு வந்து நம் முற்றத்தில் கொட்டிவிடும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பள்ளிக்கூடத்தில் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லித் தந்தார்கள். எங்களுக்கு அது ஒற்றுமைக் கதை அல்ல, கண்முன்னால் நடக்கிற காரியம்.

நான், மாலை 7.58
மணலில் பாதி புதைந்திருக்கிற பழைய அந்தோனியார் கோயில் அப்படித்தான் மூடுண்டதா?

குஞ்சியம்மா, மாலை 8.06
மணல் நடக்கும், பிள்ளை. நம்மைப்போல அவசரப்படாது, நிற்கவும் மாட்டாது. முருகைக்கல்லால் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன, கூரை இல்லை. அருகே போய்க் கையை வைத்துப் பார், கல்லில் பவளப்பூச்சியின் கண்கள் தேன்கூடு மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள சேமக்காலையில் சிலுவைகளின் தலை மட்டும் தெரியும். அங்கே வருகிறவர்கள் கல்லறை மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். அதைக் கண்டித்து ஒரு வசனம் எழுதுவாயானால் உனக்குப் புண்ணியம். பெருநாள் யூன் 13 என்பதையும் மறக்காமல் எழுது.

மச்சாள், மாலை 8.08
நான் முன்னர் சொன்ன படத்தை அழித்துவிட்டேன். வேறு படம் தருகிறேன்.

நான், மாலை 8.14
கடற்கோளைப் பற்றி உங்களிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குஞ்சியம்மா, மாலை 8.37
இறந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 26 அன்று கதைத்துக்கொள்வோம். தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004இல் கடல் வந்து திரும்பிய பிறகு எங்கள் கிணற்றில் ஒரு கதிரையும், உப்புத் தண்ணீரும் இருந்தன. கதிரையை எடுத்துவிட்டோம். உப்பை எடுக்க முடியவில்லை. இறைக்க இறைக்க உப்பே வந்தது. பிறகு வந்த பெரியவர் ஒருவர்தான், இப்படி வெறியோடு இறைக்காதீர்கள், அடியிலிருந்து இன்னும் உவரை இழுக்கிறீர்கள், மழைக்கு விடுங்கள் என்றார். பவுசரில் வந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். அடுத்த மாரி முடிந்து தை மாதம் ஒரு காலை, தேநீரில் உப்பு இல்லை. நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அண்ணா, மாலை 8.40
குஞ்சியம்மா, மேலேயிருந்து விழுந்த மழை உப்பை மெல்லக் கீழே தள்ளியிருக்கிறது. புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்ததை நீங்கள் ஒரு தேநீரில் சொல்லிவிட்டீர்கள்.

ஆசைமாமா (ரொறன்ரோ), மாலை 8.52
கரைவலையை விட்டுவிடாதீர்கள். முன்னர் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் வாடியில் இருபது, முப்பது பேர் இரண்டு பக்கக் கயிற்றிலும் நின்று, பாட்டுச் சொல்லி இழுத்து மடியைக் கரையேற்றுவோம். இப்போது உழவு இயந்திரத்தில் இழுக்கிறார்கள், பாட்டு நின்றுவிட்டது. இழுத்து முடிந்ததும் எல்லோரும் ஓடுகிற இடம் பூவல்தான். உடம்பெல்லாம் உப்போடு அந்தத் தண்ணீரை முகத்தில் அடித்த குளிர்ச்சியை இந்த ஊரில் எந்தக் குழாயும் எனக்குத் தந்ததில்லை.

பெரியப்பா, மாலை 9.05
நாகர்கோவிலை எழுதும்போது நாகதம்பிரான் கோயிலின் கப்பல் திருவிழாவை எழுது. 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி அங்கே பாடசாலை மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்ததையும் எழுது. திருவிழாவை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டால் அது அந்த ஊருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நான், இரவு 10.20
புதிய முதற்பந்தி இது:

"மணற்காட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் குந்தியிருந்து கையால் தோண்ட வேண்டும், முழங்கை ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த விதியை அங்கே பிள்ளைகள் எழுத்துக்கு முன்னரே படித்துக்கொள்கிறார்கள். மாரியில் விழுகிற மழையை மணற்கும்பி வாங்கி வைத்துக்கொண்டு, சோளகம் வீசுகிற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கும்பி கரைந்தால் ஊர்க் கிணறு உவராகும். கும்பியைப் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு அதற்குள் தண்ணீர் இருப்பது தெரியாது."

பெரியப்பா, இரவு 10.26
இது கட்டுரை. ஓரிடத்தில் மட்டும், "படித்துக்கொள்கிறார்கள்" என்பதை "படித்தார்கள்" என்று மாற்று. இப்போது எத்தனை பிள்ளைகள் பூவல் தோண்டுகிறார்கள்?

குஞ்சியம்மா, இரவு 10.31
என் பேரன் தோண்டுவான். நாளை காலை அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பியடியில் தோண்ட வைத்து, தண்ணீர் எங்கே ஊறுகிறது என்று அவன் கையால் அளந்து படம் அனுப்புகிறேன். பிறகு எந்தச் சொல்லை எழுதுவதென்று பார்க்கலாம்.

குஞ்சியம்மா, காலை 6.48
படம் அனுப்பியிருக்கிறேன். அவனுடைய முழங்கைக்கு ஊறவில்லை. தோள் வரை போக வேண்டியிருந்தது. குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை.

பெரியப்பா, காலை 6.55
அவனுக்கு வயது ஆறு, கை சின்னது. என்றாலும் பிள்ளை, தோள் வரை என்பதையும் எழுது. இன்றைய திகதியையும் போடு.