அறிவுசார் குறைபாட்டுச் சமூக அணிகள்: வருகை எண்ணிக்கையைத் தவிர வேறு எதைப் பதிவு செய்கிறீர்கள்?

கேள்வி: சமூகத்தாதி

அனைவருக்கும் வணக்கம். நான் வடமேற்கு லண்டனில், அறிவுசார் குறைபாடு உள்ள வளர்ந்தவர்களுக்கான சமூக அணி ஒன்றில் தாதியாகப் பணியாற்றுகிறேன். தாதியர், உளவியலாளர், பேச்சுச் சிகிச்சையாளர், மனநல வைத்தியர் என்று பலர் ஒரே அலுவலகத்திலிருந்து வீடுகளுக்கும் ஆதரவு இல்லங்களுக்கும் போய்வருகிறோம். மனநலச் சேவைகளுக்கான தேசியத் தரவுத் தொகுப்புக்கு நாங்கள் மாதந்தோறும் அனுப்புவதில் பெரும்பகுதி, எத்தனை பேர் எங்களிடம் அனுப்பப்பட்டார்கள், எவ்வளவு நாள் காத்திருந்தார்கள், எத்தனை தடவை அவர்களைப் பார்த்தோம் என்பவைதான். வரும் ஏப்ரலிலிருந்து இவற்றோடு வேறு எதைச் சேகரித்தால் பராமரிப்பு உண்மையாகவே மேம்படும் என்று எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

இதை நான் வெறும் அலுவலக வேலையாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் கடந்த குளிர்காலத்தில் நடந்த ஒரு சம்பவம் காரணம். ஆதரவு இல்லத்தில் வசிக்கும், பேச்சு இல்லாத, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை மூன்று மாதத்துக்குள் எங்கள் அணியினர் ஒன்பது தடவை பார்த்தோம். அவர் கோபப்படுகிறார், தலையைச் சுவரில் மோதுகிறார் என்பதே எங்களுக்குச் சொல்லப்பட்டது. கடைசியில் கடுமையான மலச்சிக்கலோடு அவரை வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். பின்னர் நான் அந்த இல்லத்துக்குப் போனபோது, மலத்தின் தன்மையை 1 முதல் 7 வரை குறிக்கும் பிரிஸ்டல் அட்டவணை சமையலறை இழுப்பறைக்குள் கிடந்தது. மேல் வரிகளில் 1, 1, 2 என்று, மலச்சிக்கலைக் காட்டும் எண்களை, நீல மையில் எழுதியிருந்தார்கள். அதன் பிறகு பதினொரு நாட்களுக்கு ஒரு குறிப்பும் இல்லை. அவர் எடுத்துவந்த மருந்து மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியது என்பது எங்கள் கணினியிலேயே இருந்தது. அந்தத் தாளையும் இந்த மருந்துப் பட்டியலையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் மாத அறிக்கையில் ஒன்பது வருகைகளும் நிறைவான வருகைகளாகவே பதிவாகியிருந்தன.

என் சக ஊழியர்கள் இப்போதே மாலை ஆறு மணிக்குப் பிறகும் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே நான்கு விடயங்களுக்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நான்கும் எவையாக இருக்க வேண்டும்? இத்துறையில் இருப்பவர்களும் குடும்பத்தினரும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: தரவாய்வாளர்

வணக்கம். நான் செவிலியர் அல்லன். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ்-இன் டிரஸ்ட் ஒன்றில் தரவுப் பணியில் இருக்கிறேன்.

வருகை எண்ணிக்கையை அடியோடு வெறுத்துவிட வேண்டாம். 2011-இல் பிரிஸ்டலுக்கு அருகே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை பிபிசி வெளிக்கொணர்ந்த பிறகு, இப்படிப்பட்ட இடங்களில் யார், எவ்வளவு காலமாக, தங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அறிய 2013 முதல் 2015 வரை ஆண்டுதோறும் தனிக் கணக்கெடுப்பே நடத்த வேண்டியிருந்தது. ஆளை எண்ணாத சேவையில் ஆள் தொலைந்துபோவது எளிது. ஆனால் எண்ணிக்கை சேவையின் அளவைச் சொல்லுமே தவிர, நீங்கள் விவரித்த மனிதரின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

நீங்கள் கேட்ட நான்கில் முதலாவதாக நான் வைப்பது, அவர் ஜிபியின் (குடும்ப மருத்துவரின்) அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் இருக்கிறாரா, கடைசியாக ஆண்டுச் சுகாதாரப் பரிசோதனை எந்தத் தேதியில் நடந்தது என்பதைத்தான். இங்கிலாந்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பதிவேடுகளில் இருப்பவர்களோ சுமார் 0.5 விழுக்காட்டினர்தான். 14 வயது முதல் கிடைக்க வேண்டிய ஆண்டுப் பரிசோதனைக்கு அந்தப் பதிவேடே வாசல் என்பதால், அதில் பெயர் இல்லாதவருக்கு அழைப்புக் கடிதமே போகாது. உங்கள் அணிக்கு வந்த ஒருவர் பதிவேட்டில் இல்லை என்று தெரிந்தால், அன்றே ஜிபிக்குக் கடிதம் எழுதலாம். பதிவு செய்த அன்றே ஒரு வேலையைச் செய்ய வைக்கும் தரவுதான் எனக்குப் பிடித்த தரவு.

அடுத்தது விளைவு. அறிவுசார் குறைபாட்டுத் துறையின் ஆலோசகச் செவிலியர்கள் 2013-இல் வெளியிட்ட சுகாதாரச் சமத்துவச் சட்டகத்தை உங்கள் அணியில் பயன்படுத்துகிறீர்களா? வாழ்க்கைச் சூழல், உடல் மற்றும் மரபுக் காரணங்கள், தொடர்பாடல், அன்றாடப் பழக்கங்கள், மருத்துவச் சேவையின் தரம் என்னும் ஐந்து வழிகளில் ஒருவரின் உடல்நலம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதை அது படிநிலைகளில் மதிப்பிடுகிறது. அணிக்குள் வரும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையும் மதிப்பிட்டால், ஒன்பது வருகைகளால் ஏதாவது மாறியதா என்று கேட்க முடியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில நூறு பேர் மட்டுமே உள்ள அணியில் காலாண்டு விழுக்காடுகள் காரணமில்லாமல் ஏறி இறங்கும். அவற்றைப் பார்த்து யாரையும் புகழவோ குறைசொல்லவோ வேண்டாம். தேசிய வெளியீடுகளில் 5-க்குக் குறைவான எண்ணிக்கையை மறைப்பது போல நீங்களும் மறையுங்கள், ஏனென்றால் ஒரே வட்டாரத்தில் பேச்சு இல்லாத, குறிப்பிட்ட வயதுத் தமிழர் ஒருவர் என்றாலே அவர் யாரென்று தெரிந்துவிடும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகே, அதை யார், எந்தக் கிழமையில் பார்ப்பார் என்று எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியாத கட்டத்தை நீக்கிவிடலாம்.

பதில்: மகனின் அம்மா

பிள்ளை, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரவு முழுக்க அந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்கு 31 வயது, டவுன் சின்ட்ரோம். நாங்கள் வேறு ஊரிலிருந்து இங்கே மாறி வந்தபோது புதிய ஜிபியிடம் பதிவு செய்தோம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், "உங்கள் மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். அவன் விசேட பாடசாலையில் படித்து முடித்தவன், தன் பெயரை எழுதுவான், படிப்பில் அவனுக்குக் குறையில்லை என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளைத்தானே நாங்கள் அப்படிச் சொல்வோம்? அறிவுசார் குறைபாட்டைத்தான் இங்கே ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஒரு "இல்லை"யால் மூன்று வருடம் அவனுக்கு ஆண்டுப் பரிசோதனைக்கு அழைப்பு வரவில்லை. அவன் எந்நேரமும் தூங்கினான், உடம்பு போட்டது, சோம்பல் என்று நானே அவனைக் கண்டித்தேன். பிறகுதான் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரியவந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது அடிக்கடி வரும் என்றும் ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். அவனைக் கண்டித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே படிவத்தில் எத்தனை கட்டம் என்று யோசிப்பதற்கு முன்னால், கேள்வியை எந்தச் சொல்லால் கேட்கிறீர்கள் என்று யோசியுங்கள். இனம் என்ற இடத்தில் எங்களை "வேறு ஆசியர்" என்று குறித்துவிடுகிறார்கள். வீட்டு மொழி தமிழ் என்று தனியாக எழுதினால்தான் அடுத்த தடவை தமிழ் தெரிந்தவரை ஒழுங்கு செய்வார்கள்.

இன்னொன்று, அவனுக்கு வலி வந்தால் எப்படித் தெரியும் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். என் மகன் அழமாட்டான். பேச்சை நிறுத்திவிட்டு வலக் காதின் நுனியை இழுத்துக்கொண்டே இருப்பான். இதைப் பல பேருக்கு நான் பலமுறை சொல்லிவிட்டேன். புதிதாக வருகிறவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்: பேச்சுச் சிகிச்சையாளர், மிட்லண்ட்ஸ்

அம்மா சொன்ன வலியின் அடையாளத்தை நான் முதலிடத்தில் வைப்பேன். அது தரவா, குறிப்பா என்று யாராவது கேட்டால், கணினியில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும் வரை அது தரவுதான் என்று சொல்லுங்கள். நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கடமை. இப்போது என்எச்எஸ் பதிவுகளில் அதற்கென மின்னணுக் குறியீடு ஒன்றும் வந்திருக்கிறது.

தரவாய்வாளர் சொன்ன சட்டகத்தில் எனக்குச் சிறிய தயக்கம் உண்டு. ஒரே மனிதரை இரண்டு பேர் மதிப்பிட்டால் இரண்டு எண்கள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு இலக்கை வைத்து, அதை எட்டிய அளவை −2 முதல் +2 வரை குறிக்கிறோம். "இருமாமல் ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பது" என்பது போன்ற இலக்கு அவருக்கும் புரியும், அவரைப் பராமரிப்பவருக்கும் புரியும்.

விழுங்குவதில் சிரமம் என் துறை என்பதால் ஒன்றை வற்புறுத்துகிறேன்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை நெஞ்சுத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். உணவு மூச்சுக்குழலுக்குள் போவதால் வரும் நிமோனியா, ஒவ்வொரு முறையும் தனித்தனிச் சளியாகவே பார்க்கப்பட்டு, மொத்தமாகப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கில் 247 மரணங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான விசாரணை, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் பொதுமக்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்ததைக் காட்டியது. அதைத் தொடர்ந்துதான் லீடர் என்னும் மரண மீளாய்வுத் திட்டம் உருவானது. இறந்த பிறகு இவ்வளவு நுணுக்கமாகத் தேடுகிற விவரங்களில் சிலவற்றை உயிரோடு இருக்கும்போதே கேட்கலாம்.

இன்னொரு சிறு திருத்தமும் உண்டு. தனியாகப் பேருந்து ஏற முடியாத ஒருவர் சந்திப்புக்கு வராவிட்டால் பல இடங்களில் "வரவில்லை" என்றே பதிகிறார்கள்; இரண்டு முறை "வரவில்லை" என்றால் கோப்பை மூடிவிடுகிறார்கள். நாங்கள் "அழைத்து வரப்படவில்லை" என்று மாற்றினோம். அந்தச் சொல் வந்த பிறகு, ஏன் அழைத்து வரவில்லை என்று யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் அம்மாவிடமோ இல்ல ஊழியரிடமோ மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே தொடங்க வேண்டும். படங்களோடு எளிய மொழியில் எழுதிய ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்து, அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம் என்று காட்டுங்கள்.

பதில்: சமூகத்தாதி

மூவருக்கும் நன்றி. முன்மொழிவை இப்படி எழுதப் போகிறேன்: ஜிபி பதிவேடும் கடைசி ஆண்டுப் பரிசோதனைத் தேதியும்; வீட்டு மொழியோடு வலியின் அடையாளம்; மலச்சிக்கல், நெஞ்சுத் தொற்று இரண்டையும் மருந்துப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு கட்டம்; அவரே ஒப்புக்கொண்ட ஒரு இலக்கு. மூன்றாவது கட்டத்தை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலும் நான் பார்ப்பதாக என் பெயரையே எழுதியிருக்கிறேன். "வரவில்லை" என்பதை மாற்றப் படிவம் எதுவும் தேவையில்லை, நாளைக்கே மாற்றலாம்.

அக்கா, மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கு இந்த வாசகம் சரியா என்று பாருங்கள்: "சிறு வயதிலிருந்தே விடயங்களை விளங்கிக்கொள்வதற்கும் அன்றாட வேலைகளைச் செய்வதற்கும் இவருக்கு உதவி தேவைப்படுகிறதா?"

பதில்: மகனின் அம்மா

பிள்ளை, "சிறு வயதிலிருந்தே" என்பது நல்லது, அதை வைத்திருங்கள். "உதவி" என்ற சொல்தான் சரிவராது. மகனுக்குத் தலை வாரிவிடுவதையும் மீன் முள் எடுத்துக் கொடுப்பதையும் ஒரு தாய் உதவி என்று நினைப்பதில்லை. அதனால் மறுபடியும் இல்லை என்றுதான் பதில் வரும். "நீங்கள் இரண்டு நாள் வீட்டில் இல்லாவிட்டால், இவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, மருந்து எடுத்து, வாசல் மணி அடித்தால் யாரென்று பார்த்துச் சமாளிப்பாரா?" என்று கேட்கச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளையும் அனுப்பினால் வாசித்துத் திருத்தித் தருகிறேன். வியாழக்கிழமைகளில் மகன் பகல் நிலையத்துக்குப் போய்விடுவான். மூன்று மணி வரை எனக்கு நேரம் இருக்கும்.