கொசஸ்தலையாற்றுக்குக் கார்பன் நானோ குழாய் உதவுமா?

அடையாறு வேதி:
கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற எண்ணூர்த் தண்ணீரில் ஈயம், காட்மியம் என்று பேச்சு வந்தாலே ஆலைகளைத் திட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். கார்பன் நானோ குழாயைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய குழாய்கள்; பார்க்கக் கறுப்புப் பொடி மாதிரி இருக்கும். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே பிடித்துக்கொண்ட பொருள். நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் மேற்பரப்பில் கார்பாக்சில் என்ற, தண்ணீரில் எதிர்மின் சுமை ஏற்கும் அணுத்தொகுதிகள் உருவாகும். நேர்மின் சுமையுள்ள ஈய அயனி வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் ஈயத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். அவ்வளவு கீழே இறங்க இப்படி ஏதாவது வேண்டும்.

எண்ணூர் வலைக்காரன்:
தம்பி, இங்கே ஒருநாள் வந்து பாருங்கள். முகத்துவாரத்தில் எங்கள் ஆட்கள் சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். கையை எடுத்தால் நகக்கண் எல்லாம் சாம்பல். ஈயம் பெரும்பாலும் அந்தச் சேற்றோடுதான் ஒட்டிக் கிடக்கிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் உங்கள் பொடியை எங்கே தூவுவீர்கள்?

அடையாறு வேதி:
ஆற்றில் தூவச் சொல்லவில்லை, அண்ணே. ஆலையிலிருந்து கழிவுநீர் வெளியேறும் குழாயில், வடிகட்டியாக.

பல்லாவரம் பிளாண்ட்:
தோல் கழிவுநீர் நிலையத்தில் பல வருடம் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன். குரோமியம் தண்ணீரில் இரண்டு வடிவத்தில் வரும். தோல் பதனிடுவதில் வரும் மூன்று இணைதிறக் குரோமியத்துக்குச் சுண்ணாம்பு போதும். பி.எச். (அமில-கார அளவு) எட்டரை பக்கம் ஏற்றினால் பச்சைச் சேறாகப் படிந்துவிடும். வெளியே விடும் நீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்; அதைச் சுண்ணாம்பே தொட்டுவிடும். ஆறு இணைதிறக் குரோமியமோ குரோமேட்டாக எதிர்மின் சுமையோடு இருக்கும். பி.எச். ஏழில் உங்கள் கார்பாக்சிலும் எதிர்மின்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இதில் எங்கள் தண்ணீரில் உப்பு, கால்சியம், கொழுப்பு வேறு. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்து எடுத்த அளவை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அடையாறு வேதி:
கடைசிப் பாயிண்ட் நியாயம், சார். போர்வெல் தண்ணீரில் செய்து பார்த்தபோது எனக்கும் பாதியில் சறுக்கியது. வடிதாளில் ஊற்றினால் குழாய்ப் பொடியும் சேர்ந்து டிகாக்ஷன் மாதிரி கறுப்பாகவே இறங்கியது. அதனால்தான் இரும்பு ஆக்சைடு சேர்த்துக் காந்தத்தால் இழுக்கிறார்கள். நான் கேட்பது சுண்ணாம்புக்குப் பதிலாக இல்லை, அதற்குப் பிறகு மிச்சம் நிற்கிற அந்தச் சொட்டு ஈயத்துக்கு.

குரோம்பேட்டை மாமி:
நடுவில் கேட்கிறேனே. எங்கள் கேன் தண்ணீருக்கு டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) 90 காட்டுகிறது. ஈயம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பல்லாவரம் பிளாண்ட்:
வேண்டாம் மாமி. ஈயம் வரம்பைப் போல பத்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டர் 90 என்றுதான் காட்டும். லேபில் கொடுத்துப் பாருங்கள். ஆர்.ஓ. சரியாக ஓடினால் ஈயத்தைப் பெருமளவு பிடித்துவிடும்.

எண்ணூர் வலைக்காரன்:
காந்தத்தில் நழுவிய பொடி எங்கள் மீனுக்குள் போனால்?

அடையாறு வேதி:
பயம் வெறும் பயமில்லை. நீளமான, விறைப்பான குழாய்கள் எலிகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போலவே நடந்துகொண்டதாக 2008-ல் ஆய்வு வந்தது. எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரு வகையை 2014-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பட்டியலில், அதாவது புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில், வைத்தது. எல்லாக் குழாயும் அப்படி இல்லை. எப்படியிருந்தாலும் பொடியாக விடக்கூடாது, சவ்விலோ மணியிலோ பதித்துத்தான் வைக்க வேண்டும்.

எண்ணூர் வலைக்காரன்:
சரி, பதித்தே வையுங்கள். ஈயம் நிறைந்ததும்?

அடையாறு வேதி:
அமிலத்தில் கழுவினால் ஈயம் அமிலத்துக்கு வந்துவிடும். குழாயைத் திரும்ப உபயோகிக்கலாம்.

எண்ணூர் வலைக்காரன்:
அந்த அமிலத்தை?

பல்லாவரம் பிளாண்ட்:
எங்கள் சேறு மாதிரித்தான், நடுநிலையாக்கிக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரியில் போக வேண்டும். பில், எடைச்சீட்டு, கையெழுத்து.

எண்ணூர் வலைக்காரன்:
அப்படி ஒரு லாரி ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கால்வாய்ப் பாலத்தில் விளக்கை அணைத்து நின்றதைப் பார்த்தவன் நான். அந்த எடைச்சீட்டில் என்ன எழுதியிருந்தார்களோ.