கப்பல் மாடலின் மூக்கில் பலகைகள் செதில் மாதிரி எழும்புகின்றன, பிய்த்துவிடலாமா?

பழைய கிரேன்காரன், தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். துறைமுகத்தில் 31 வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ கப்பல் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கியிருக்கிறேன், அந்த வயிறு எப்படி உருண்டு வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கனடாவில் இருக்கும் மகள் ஒரு மரக் கிட் அனுப்பி இப்போது யோசிக்க வைத்துவிட்டாள். புளூநோஸ் என்ற பாய்மரக் கப்பல். 1921-ல் அங்கே லூனன்பர்க் என்ற ஊரில் தண்ணீரில் இறங்கியது. மீன்பிடிக்கவும் போனது, பந்தயமும் ஜெயித்தது. கனடாவின் பத்து சென்ட் காசில் இருக்கும் கப்பல் இதுதான் என்று பேரன் வீடியோ காலில் காசை எடுத்துக் காட்டினான்.

நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பலகை, அதில் விலா மாதிரி குறுக்குச் சட்டங்கள். அதுவரை ஒரு கஷ்டமும் இல்லை. அதன் மேல் 5 மில்லி அகலம், 1.5 மில்லி கனத்தில் பாஸ்வுட் பட்டைகளை ஒட்ட வேண்டும். பிறகு அதன் மேல் இன்னொரு அடுக்கு, அரை மில்லி கனத்தில் வால்நட் மரம். கையேட்டில் இந்த இடத்துக்கு ஒரே ஒரு வரி: பலகைகளை ஊறவைத்து ஒட்டவும். அடுத்த படத்தில் கப்பல் முழுசாக மினுமினுக்கிறது! எழுதியவர் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டார் போல.

இடது பக்கம் மேலிருந்து ஏழு பட்டை ஒட்டிவிட்டேன். முதல் மூன்று ஒழுங்காக உட்கார்ந்தன. நான்காவதிலிருந்து மூக்குப் பக்கம் கீழ் ஓரம் எழும்புகிறது. விரலால் அமுக்கினால் அடங்குகிறது, விட்டால் எழுந்துகொள்கிறது. ஃபெவிகால் தாங்காது என்று ரெண்டு இடத்தில் ஃபெவிக்விக் வைத்தேன், இரவு பதினோரு மணிக்கு பட்டென்று சத்தம், எழுந்து போய்ப் பார்த்தால் ஒரு பட்டை ஆன்டெனா மாதிரி நிற்கிறது. இது போதாதென்று நடுப்பலகையும் இடது பக்கம் 4 மில்லி வளைந்திருக்கிறது.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, சங்கராவை எதிர்வாட்டமா தேச்ச மாரி கீது. டாட் புடிக்காம தச்சா இப்டித்தான் தூக்கினு நிக்கும்" என்றாள். டாட் என்றால் துணியை மடித்துத் தைத்து அந்த இடத்தில் அகலத்தைக் குறைப்பது. பிய்ப்பதா, அப்படியே மேலே போவதா?

பலகைப்பித்தன், பெரம்பூர்

பிய்த்துவிடுங்கள் சார். ஏழு பட்டை பெரிய நஷ்டமில்லை. பதினேழில் வந்து கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் பதில். கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், மூக்கில் குறைவு. ஒரே அகலப் பட்டைகளை மூக்குவரை கொண்டுபோனால் அங்கே எல்லாவற்றுக்கும் இடம் இருக்காது. இடமில்லாத பட்டை பக்கத்துப் பட்டை மேல் ஏறும், இல்லை ஓரத்தைத் தூக்கும். நீங்கள் அமுக்குவது அதைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்ப்பது. 1.5 மில்லி கனத்தை வளைக்கலாம். 5 மில்லி அகலத்தை அதன் ஓரத்தின் மேல் வளை என்றால் மரம் கேட்காது.

அளந்துதான் ஒட்ட வேண்டும். கடையில் பில் அடிக்கும் ரோல் காகிதம் ஒரு துண்டு எடுங்கள். நடுச் சட்டத்தில் மேல்தளக் கோட்டிலிருந்து அடிவரை வளைவோடு ஒட்டி வைத்துக் குறியுங்கள். 110 மில்லி வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தால் வகுத்து 22 பட்டை. இப்போது மூக்கை ஒட்டிய முதல் சட்டத்தில் அதே மாதிரி அளங்கள். 70 வந்தால் அதே 22 பட்டைக்குத் தலா 3.2 மில்லிதான் இடம். அதாவது ஒவ்வொரு பட்டையும் நடுவில் 5, மூக்கில் 3.2 என்று இழைத்துக் குறுக வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இந்தக் குறிகளைப் பென்சிலால் போட்டுவிட்டால் அப்புறம் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5-க்குக் கீழே இழைக்காதீர்கள். நுனி ஊசியாகி நிற்காது. அப்படி வந்தால் ரெண்டு பட்டையை ஒன்றில் முடித்துவிடலாம். பின்பக்கம் இதற்கு நேர்மாறாக இடைவெளி விரியலாம், அங்கே ஆப்பு மாதிரி ஒரு துண்டு சொருக வேண்டும். அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்தீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அதனால் சந்தேகம். வெட்டி வரும்போது ஓரம் செங்கோணமாக இருக்கும். மூக்குப் பக்கச் சட்டங்களில் பட்டை ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் பசைக்குப் பிடிமானம் ஏது? ஒரு பட்டையை ஒட்டாமல் நீளமாக வைத்துப் பாருங்கள்; எல்லாச் சட்டத்திலும் முழு அகலத்துக்குப் படிய வேண்டும்.

நடுப்பலகை வளைந்தது ஒரு பக்கமே ஒட்டியதால். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஊறவைப்பது பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் ஈரத்தோடு ஒட்டாதீர்கள். மரம் ஈரத்தில் அகலவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், காலையில் பட்டைக்குப் பட்டை நூல் அளவு சந்து தெரியும். ஈரமாக இருக்கும்போது கிளிப் போட்டு வளைவுக்குப் பழக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் ஒட்டுங்கள். நம்ம பக்கத்துக் கடல் காற்றுக்கு ஃபேன் அடியில் வைத்தால்தான் காயும்.

பிய்க்க: ஃபெவிகால் இடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை வைத்து அரை மணி விடுங்கள், இளகும். ஃபெவிக்விக் இடத்துக்கு அசிட்டோன்.

சும்மா பார்க்க வந்தவன்

முதல் அடுக்குதானே? புட்டி அடித்துத் தேய்த்தால் மேலே வால்நட் மூடிவிடும். இவ்வளவு கணக்கு எதற்கு?

பலகைப்பித்தன், பெரம்பூர்

புட்டி பள்ளத்துக்குச் சரி. மேட்டைத் தேய்த்தால் 1.5 மில்லி மரம் ஓட்டையாகிவிடும். நான் ஓட்டை போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

காசிமேட்டான்

அய்யா, வணக்கம். நான் மாடல் செய்தவன் இல்லை. எங்கப்பா காசிமேட்டில் மர விசைப்படகு கட்டினவர், அதனால் இதைப் படித்ததும் கை அரித்தது.

நீங்கள் முதுகெலும்பு என்கிறீர்களே, அதற்குப் பேர் ஏரா. விலா எலும்பு, வங்கு. மூக்குக்கு அணியம். அப்பா வங்கு நிறுத்தினதும் பலகையைத் தொடமாட்டார். ரீப்பர் என்ற மெல்லிசான நீள மரக் குச்சியை அணியத்திலிருந்து பின்பக்கம்வரை வங்குகள் மேல் வைத்து லேசாகப் பிடிப்பார், இழுக்கமாட்டார். அது தானாக எங்கே படுக்கிறதோ அங்கே கோடு. பலகையை அந்தக் கோட்டுக்கு வெட்டுவார். எந்தப் பலகையும் மரக்கடையிலிருந்து வந்த அகலத்தில் படகில் ஏறினதில்லை. வளைய மறுத்தால் ஈரச் சாக்கு, அடியில் நெருப்பு; தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். உங்களுக்கு நெருப்பு வேண்டாம், இஸ்திரிப் பெட்டி போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஏராவை ஒட்டின முதல் பலகையை அணியத்தில் மேலே ஏற விடாதீர்கள். ஏறவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்கு மேல் வரும் பலகைக்கெல்லாம் இடம் போச்சு. புதுசாக வேலைக்கு வரும் பையன்கள் இதில்தான் அப்பாவிடம் திட்டு வாங்குவார்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு நடை வாருங்கள். கரையேற்றிப் பலகை மாற்றும் படகு ஒன்றிரண்டாவது இருக்கும். இப்போது இரும்பும் ஃபைபரும்தான் அதிகம், மரம் குறைந்துவிட்டது. இருந்தாலும் கிட்டே நின்று பார்த்தால் கையேடு தேவைப்படாது.

பழைய கிரேன்காரன், தண்டையார்பேட்டை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஏழையும் பிய்த்தேன். ஐந்து முழுசாக வந்தன. ஃபெவிக்விக் வைத்த ரெண்டும் உடைந்தன, அது என் அவசரத்துக்கு அபராதம். சட்ட ஓரத்தைத் தேய்க்கவில்லை என்று பெரம்பூர் சார் கண்டுபிடித்துவிட்டார். தேய்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. முதல் ரெண்டு சட்டத்தில் மட்டும் முன் ஓரம் கிட்டத்தட்ட 3 மில்லி போனது. நடுப்பலகை பிய்த்ததும் முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதிக்குச் சட்டங்களுக்கு நடுவில் கட்டைத் துண்டு வைத்து ஒட்டினேன்.

அளந்ததில் நடுவில் 112, மூக்கில் 68. குறி போட்டது நான் இல்லை, மனைவி. தையல் டேப்பும் சாக்பீஸுமாக உட்கார்ந்தாள், அரை மணியில் முடித்துவிட்டாள். இழைக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். காசிமேட்டுத் தம்பி சொன்ன மாதிரி ஒரு பட்டையைச் சும்மா படுக்க வைத்துப் பார்த்தேன். நான் முதலில் ஒட்டியிருந்த கோட்டுக்கும் அது படுத்த இடத்துக்கும் மூக்கில் ஒரு விரல்கடை வித்தியாசம். அவ்வளவு தூரம் அதைக் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறேன். இரவில் சத்தம் போடாமல் என்ன செய்யும்?

இப்போது ரெண்டு பக்கமும் பதினொன்று பதினொன்றாக ஏறிவிட்டது. எதுவும் எழும்பவில்லை. விரலை மூக்கிலிருந்து பின்னால் ஓட்டினால் தடுக்குவதே இல்லை. இரவிலும் சத்தமில்லை.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் இருந்த துணி கிளிப் இருபத்தெட்டும் கப்பலில் இருக்கிறது. நேற்று மொட்டை மாடியில் காயப்போட்ட இரண்டு புடவை அடுத்த தெரு மாடியில் கிடந்தது. இதற்கென்றே விற்கும் கிளாம்ப் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நல்லது, கொஞ்சம் சீக்கிரம்.