புது ஹைப்ரிட் காடி ஏற்றத்தில் அலறுவது: பழுதா, அதன் குணமா?

ஒன்பதாங்கட்டை:
தாப்பா வட்டாரத்துல ஹைப்ரிட் காடி (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுறது) பெருகிட்டு வருது. கூடவே காடி எடுத்த முதல் மாசத்துலயே ஒரே மாதிரி புகாரும் வருது. கேமரன் மலைச் சாலையில ரிங்லெட் ஏறும்போது மீட்டர்ல வேகம் 50, எஞ்சின் மட்டும் 4,500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து). இறங்கும்போது காலை எடுத்துட்டாலும் கத்துது. சர்வீஸ்ல கேட்டா "நார்மல்" னு ஒரே சொல்லு. அது போதும்னு ஒரு கூட்டம், கம்பெனி கையைக் கழுவுதுன்னு இன்னொரு கூட்டம். விவரம் தெரிஞ்சவங்க காரணத்தோட சொல்லுங்க. எண் கணக்கு இல்லாத பதில் வேணாம்.

கித்தாமரம்:
பழுது இல்ல. ஆனா ஏன் இல்லன்னு சொல்லணும்னா முதல்ல எந்த வகை ஹைப்ரிட்னு பிரிச்சுப் பார்க்கணும்.

டொயோட்டா கொரோலா கிராஸ் மாதிரி காடியில மாத்துற கியர் கிடையாது, பெல்ட் கிடையாது, கிளட்ச் கிடையாது. கோள் பற்சக்கரத் தொகுதி ஒண்ணுதான். நடுவுல இருக்கிற சூரியச் சக்கரத்துல ஜெனரேட்டர். சுத்தி வர்ற கோள் சக்கரங்களைத் தாங்குற சட்டத்துல எஞ்சின். வெளிவளையம் ரோட்டுச் சக்கரத்துக்கும் பெரிய மோட்டாருக்கும் போற வழி. எஞ்சின் முறுக்கு விசையில ஏறக்குறைய 72 விழுக்காடு வெளிவளையத்துக்கும் மீதி 28 ஜெனரேட்டருக்கும் பிரியும். ஜெனரேட்டர் எந்த வேகத்துல சுத்தணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. அதனால காடி 40-ல போனாலும் எஞ்சின் 1,500-லயும் சுத்தலாம், 4,500-லயும் சுத்தலாம்.

ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி வேற மாதிரி. அங்க பெரும்பாலான நேரம் எஞ்சின் ஜெனரேட்டரைத்தான் சுத்துது, நெடுஞ்சாலை வேகத்துல மட்டும் ஒரு கிளட்ச் பூட்டி நேரா சக்கரத்துக்குப் போகும். நிஸ்ஸான் கிக்ஸ் இ-பவர்ல எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்ல.

மூணுலயும், ஹோண்டா கிளட்ச் பூட்டாத நேரத்துல, எஞ்சின் ஆர்பிஎம் காட்டுறது, அந்த நேரத்துல எவ்வளவு பவர் கேக்கறோம்ங்கிறதைத்தான். சாகா, மைவி மாதிரி சாதாரண பெட்ரோல் காடியில பழகின காது, சத்தத்தை வேகத்தோட சேர்த்தே கேக்கும். அந்தக் கணக்கு இங்க செல்லாது. கொரோலா கிராஸோட 1.8 லிட்டர் எஞ்சின் தன்னோட 98 பிஎஸ் (குதிரைத் திறன்) முழுசையும் 5,200 ஆர்பிஎம்-லதான் தருது. மலையில முழு பவர் கேட்டா அங்கதான் போய் நிக்கும்.

ஸ்பேனர்பெட்டி:
அண்ணே, அமைப்பு நீங்க சொன்ன மாதிரிதான். ஆனா "குணம்" ங்கிற ஒரு சொல்லால எல்லாத்தையும் மூடிட்டா, உண்மையான பழுதும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ஹைப்ரிட்ல எஞ்சின் தேவைக்கு மேல சுத்த வேற காரணங்களும் இருக்கு. பாதி ஸ்பேனர் பிடிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

முதல்ல கால்மிதி. புதுக் காடி எடுத்ததும் கடையில காயில் மேட் வாங்கி, கம்பெனி மேட்டுக்கு மேலயே போட்டுடறாங்க. ரெண்டு மேட் சேர்ந்தா உயரம் கூடிடும். எண்ணெய் மிதியை முழுசா அழுத்தினா அதோட கீழ் முனை மேட் விளிம்புல மாட்டும், காலை எடுத்த பிறகும் ஒரு சென்டிமீட்டர் இறங்கியே நிக்கும். கம்ப்யூட்டருக்கு அது "இன்னும் பவர் குடு" ங்கிற உத்தரவு. மேலே இருக்கிற மேட்டைக் கழட்டுங்க, கம்பெனி மேட்டைத் தரையில இருக்கிற ரெண்டு கொக்கியிலயும் மாட்டுங்க. காடி ஆஃப்ல இருக்கும்போது மிதியைத் தரைவரைக்கும் அழுத்தி விட்டுப் பாருங்க, தடையில்லாம மேல வரணும். ஓட்டும்போது சிக்கிட்டா பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீங்க. ஒரே அழுத்தா, முழு பலத்தோட மிதிச்சு 'என்' (நியூட்ரல்) னுக்குத் தள்ளி ஓரம் கட்டணும். எஞ்சின் கத்தும், கத்தட்டும்.

ரெண்டாவது, பேட்டரிக்குக் காத்து. காத்து மூலமா குளிரும் பேட்டரி உள்ள காடியில பின் சீட்டுக்கிட்ட ஒரு காற்றுவாய் இருக்கும், உள்ள ஒரு மெல்லிய ஃபில்டர். தோட்டத்து செம்மண் ரோட்டுல ஓடுற காடிக்கு அது சீக்கிரம் அடைச்சிடும். பள்ளிப் பையோ துணி மூட்டையோ வச்சு மறைச்சாலும் அதே கதிதான். சூடேறின பேட்டரி மின்சாரத்தைக் குறைச்சுத்தான் தரும், குறையுறதை எஞ்சின் ஈடு கட்டும். ஒவ்வொரு சர்வீசுக்கும் அந்த ஃபில்டரைக் கழட்டி, வெளியில வச்சு உள்பக்கத்திலிருந்து ஊதிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. மாட்டின நிலையில ஊதினா தூசி பேட்டரிக்குள்ளதான் போகும்.

மூணாவது, இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற கருவி) கூலண்ட். அது சூடேறினாலும் இதே கதிதான். அதுக்குத் தொட்டி தனி. எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்துட்டு மூடியை அடைக்கிற போர்மன் உண்டு. அளவு ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். ஆரஞ்சு நிற வயர் எதுலயும் கை வைக்காதீங்க.

செம்பனைக்குலை:
இவ்வளவு ஏன்? ரோன் 97 பெட்ரோல் ஊத்துங்க, த்ரோட்டில் பாடியை (எஞ்சினுக்குக் காத்து போற வாய்) கழுவுங்க. எஞ்சினுக்கு இழுவை வந்தா தானா ஆர்பிஎம் இறங்கும்.

கித்தாமரம்:
தம்பி, ரெண்டுமே இதுக்கு மருந்தில்ல. ரோன் எண் எரிபொருள் தட்டுறதைத் தாங்குற அளவுதான், அதுல சக்தி கூடக் கிடையாது. ரோன் 95 போதும்னு கையேடு சொல்ற எஞ்சினுக்கு 97 ஊத்தினா காசுதான் போகும். 2,000 கிலோமீட்டர் கூட ஓடாத காடியில த்ரோட்டில்ல அழுக்கு எங்கிருந்து வரும்? உத்தரவாதத்துல இருக்கிற காடியை வெளியில கொண்டுபோய் அதைக் கழட்டினா பின்னால கோரிக்கைதான் சிக்கலாகும்.

ஸ்பேனர் தம்பிக்கு ஒண்ணு. கால்மிதி விஷயம் சரி. ஆனா பேட்டரி ஃபில்டர் புதுக் காடியில முதல் மாசத்துலயே அடைக்காது. புகார் வர்றது முதல் மாசத்துலதான்.

லயத்துப்பொண்ணு:
ரெண்டு அண்ணனும் கணக்கு போடாம பேசறீங்க. போட்டுப் பார்த்தா ரெண்டு பேரும் பாதி சரி.

ஆளோட சேர்த்து காடி 1,700 கிலோன்னு வச்சுக்குங்க. 6 விழுக்காடு சரிவுல காடியைப் பின்னுக்கு இழுக்கிற விசை சுமார் 1,000 நியூட்டன். 60 கிலோமீட்டர் வேகத்துல அதை மட்டும் ஏத்த 17 கிலோவாட். டயர் உருளல், காத்துத் தடை சேர்த்தா 22 போல. அந்த 22 கிலோவாட்டை 1.8 லிட்டர் எஞ்சின் 2,500-க்குள்ளயே தந்துடும். அப்போ ஒரே வேகத்துல ஏறும்போதும் 4,500 விடாம நின்னா, "மலை, அதனால நார்மல்" ங்கிற பதில் போதாது. கித்தாமரம் அண்ணன் அதுக்குப் பதில் சொல்லணும்.

இப்போ மறுபக்கம். அந்த ரோட்டுல ஒரே வேகத்துல யாரும் ஏறறதில்ல. லாத்தா இஸ்கந்தார் தாண்டினா வளைவுக்கு மேல வளைவு. வளைவுல 30-க்கு இறங்கி, நேர் வந்ததும் 60-க்கு மிதிக்கிறோம். 1,700 கிலோவை 5 விநாடியில 30-லிருந்து 60-க்குக் கொண்டுவர 35 கிலோவாட்டுக்கு மேல வேணும். ஏத்தத்தோட சேர்த்தா 50 தாண்டிடும். அது எஞ்சினுக்கு 4,500 கணக்கு. அதே 30-லிருந்து 45-க்கு மட்டும், 8 விநாடி எடுத்து ஏத்தினா மொத்தமே 25-க்குள்ள முடிஞ்சிடும். மீட்டர்ல முள்ளு பாதிக்கு விழும். ரிங்லெட் போய்ச் சேர சில நிமிஷம்தான் கூடும்.

பேட்டரி ஏன் கை கொடுக்கலன்னா அதுக்கும் கணக்கு இருக்கு. 1,700 கிலோவை 1,000 மீட்டர் தூக்க 4.6 கிலோவாட்-மணி வேணும். இந்த வகைக் காடியில பேட்டரி மொத்தமே 1 கிலோவாட்-மணியை ஒட்டித்தான், அதுலயும் பாதிக்குக் கீழதான் எடுக்க விடும். தாப்பா பட்டணத்தை விட்டு ஏற ஆரம்பிச்ச கொஞ்ச தூரத்துலயே அது தீர்ந்துடும். பிறகு ஏத்தறது, ஏர்கோன் ஓட்டறது, பேட்டரியை நிரப்பறது எல்லாம் எஞ்சின் தலையில. அதனால பட்டணத்துக்குள்ள இவி பட்டனை (பேட்டரியில மட்டும் ஓட்டுறதுக்கு) அழுத்தி பேட்டரியைக் காலி பண்ணிட்டு மலை ஏறாதீங்க.

ஸ்பேனர்பெட்டி:
தங்கச்சி கணக்கை ஏத்துக்கிறேன். பேட்டரி ஃபில்டர் முதல் மாசப் புகாருக்குக் காரணமா இருக்காதுங்கிறதையும் ஏத்துக்கிறேன், பொருளால மறைஞ்சிருந்தா ஒழிய. ஆனா இதே கணக்கு எனக்கும் ஆயுதம். மலையில சோதிச்சா யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. சமதரையில சோதிங்க.

தாப்பாவிலிருந்து பீடோர் போற பழைய சாலை அதுக்குத் தோது. 20 நிமிஷம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்க. ஏர்கோன் 25, 'டி' கியர், எக்கோ நிலை, ரெண்டு பேர் மட்டும். பேட்டரி பாதிக்கு மேல இருக்கணும். 60-ல காலை ஆடாம வச்சா எஞ்சின் ஒண்ணு நின்னுடும், இல்ல 1,500 பக்கத்துல மெதுவா ஓடும். செம்பனைக்குலை ஏத்தின லோரியை முந்தினா முள்ளு எகிறட்டும், முந்தி முடிச்சதும் இறங்கணும். ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகியும் 3,000-க்குக் கீழ வரலன்னா அது குணமில்ல, பழுது.

அடுத்து காடியை நிறுத்தி 'பி' (P, பார்க்கிங்) கியர்ல போட்டு ஏர்கோனை அணைங்க. சூடான எஞ்சின் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நிக்கணும். நிக்காம ஓடிட்டே இருந்தா ஓபிடி ரீடர்ல (காடி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) கூலண்ட் சூட்டைப் பாருங்க. 80 டிகிரிக்கு மேல ஏறாம 60-லயே தேங்கினா தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வு) திறந்தபடி மாட்டியிருக்கலாம். எஞ்சின் இன்னும் குளிர்னு கம்ப்யூட்டர் நினைக்கிறதால அணைக்காது. காலையில முதல் ஸ்டார்ட்ல ஒரு நிமிஷம் போல 1,200, 1,300-ல ஓடுறது வேற சங்கதி. அது புகைக்குழாய் கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க. அதுல கவலை வேணாம்.

கித்தாமரம்:
சமதரைச் சோதனை நல்ல யோசனை, எனக்கு மறுப்பில்ல. தங்கச்சி கேட்ட கேள்விக்கும் பதில்: ஒரே வேகத்துல விடாம 4,500 நின்னா நானும் சந்தேகப்படுவேன். "பழுது இல்ல" னு ஒரேயடியா எழுதினது என் தவறு.

ஆனா இறங்கும்போது வர்ற சத்தத்தைப் பழுதுப் பட்டியல்ல சேர்க்காதீங்க. ஏற எவ்வளவு வேணுமோ, இறங்கும்போது அதே 4.6 கிலோவாட்-மணி திரும்பி வருது. பேட்டரியால அவ்வளவையும் வாங்க முடியாது. கால்வாசி இறங்கறதுக்குள்ள மீட்டர்ல பேட்டரிக் கட்டம் நிறைஞ்சிடும். அதுக்குப் பிறகு ஜெனரேட்டர் எஞ்சினைச் சும்மா சுத்தி மிச்சச் சக்தியைச் செலவு பண்ணும். அப்போ பெட்ரோல் ஒரு சொட்டு கூட எரியாது. மீட்டர்ல அந்த நேரத்து எண்ணெய்ச் செலவைப் பாருங்க, 0.0 காட்டும். சத்தம் கூடினா பிரேக் பேட் பிழைக்குதுன்னு அர்த்தம். ரிங்லெட்ல கிளம்பும்போதே 'பி' (B) பிரேக் நிலையைப் போட்டுட்டு இறங்குங்க, பார்க்கிங் 'பி' (P) இல்ல.

ஸ்பேனர்பெட்டி:
அங்கதான் ஒத்துப்போக மாட்டேன். மேலயே 'பி' (B) போட்டா பேட்டரி வாங்க வேண்டிய சக்தியையும் எஞ்சின் சுத்தியே வீணாக்கும். கட்டம் நிறையற வரைக்கும் 'டி', நிறைஞ்சதும் 'பி' (B).

கித்தாமரம்:
ஒருத்தர் ரெண்டு பேர் போற காடின்னா சரி. அஞ்சு பேரும் ஒரு பூட் நிறைய காய்கறியும் ஏத்திட்டு மழையில இறங்குறவங்க கட்டத்தைப் பார்த்துட்டு இருக்கக் கூடாது, ரோட்டைப் பார்க்கணும். எனக்கு அந்தக் கொஞ்ச எண்ணெயை விட பிரேக் முக்கியம்.

ஒன்பதாங்கட்டை:
ஜாம்ல நிக்கும்போது 'என்' ல போடலாமா? ரன்-இன் (புது எஞ்சின் பழகுற காலம்) முடியாத புதுக் காடியில மலை ஏறலாமா? சர்வீஸ்ல என்ன எழுதிக் குடுக்கணும்?

லயத்துப்பொண்ணு:
'என்' ல போடாதீங்க அண்ணே. கோள் சக்கரம் உள்ள ஹைப்ரிட்ல 'என்' ல இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏர்கோன் மட்டும் உறிஞ்சிட்டே இருக்கும். பிறகு 'டி' க்கு மாத்தினதும் எஞ்சின் விழுந்தடிச்சு நிரப்ப ஓடும். அந்தச் சத்தத்தையும் பழுதுன்னு நினைப்பாங்க. பிரேக்கை மிதிச்சு 'டி' லயே நில்லுங்க, ரொம்ப நேரம்னா 'பி' (P) கியர்.

ரன்-இன் தொலைவு கையேட்டுல இருக்கும், அதுவரைக்கும் முழு மிதி மிதிக்காதீங்க. மேல சொன்ன மாதிரி 45-ல, காலை ஆட்டாம ஏறினா கேமரன் போகத் தடையில்ல.

ஸ்பேனர்பெட்டி:
"சத்தம் அதிகம்" னு மட்டும் எழுதினா "நார்மல்" தான் பதிலா வரும். தேதி, ஓடின கிலோமீட்டர், எந்தச் சாலை, சமதரையா ஏற்றமா, வேகம், ஆர்பிஎம், பேட்டரி எத்தனை கட்டம், கூலண்ட் சூடு, ஏர்கோன் எத்தனை டிகிரி, எத்தனை பேர். இவ்வளவையும் ஜாப் ஷீட்ல அவங்க கையாலயே எழுத வச்சு ஒரு நகல் வாங்குங்க. பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு மீட்டரை வீடியோ எடுங்க, ஓட்டுறவர் எடுக்கக் கூடாது. எச்சரிக்கை விளக்கு எரியலன்னாலும் கம்ப்யூட்டர்ல பதிவான பழுதுக் குறியீடு இருக்கலாம், அதைப் படிச்சு அச்செடுத்துத் தரச் சொல்லுங்க. முடிஞ்சா அவங்க டெக்னீஷியனையே பீடோர் சாலைக்குக் கூட்டிட்டுப் போய் அதே 60-ல ஓட்டிக் காட்டுங்க.

மூணு தடவை போயும் சமதரைச் சோதனையில தோத்துட்டே இருந்தா, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்ல. அங்க கேக்கறது அந்த ஜாப் ஷீட் நகலைத்தான்.

ஒன்பதாங்கட்டை:
நன்றி. முதல்ல அந்த ரெண்டாவது மேட்டைக் கழட்டச் சொல்றேன்.