எடின்பரோவில் டிக்கெட் கொடுத்த ஒரு ஆகஸ்ட்

எனக்கு ஊர் ஆடுதுறை பக்கம், அப்பா தவில் வாசிக்கிறவர். 2023இல் ஸ்காட்லாந்தில் இருக்கிற எடின்பரோவுக்கு முதுகலை படிக்கப் போனேன், அடுத்த வருஷம் ஆகஸ்டில் அங்கே நடக்கிற ஃப்ரிஞ்ச் கலைவிழாவில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தேன். வெளிநாட்டில் படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹோட்டல் வேலை, கிடங்கு வேலை, பெட்ரோல் பங்க் வேலை என்றுதான் எழுதுகிறார்கள். என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே நான் பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் விசா விஷயம், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. முதுகலை மாணவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் விடுமுறைக் கணக்கில் வராது, ஆய்வறிக்கை எழுதும் காலம் என்பதால் அதுவும் படிப்புக் காலம்தான். ஆகவே மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதுவும் திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணி 20. அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூடாது. மணிக்கு 11 பவுண்ட் 44 பென்ஸ், அந்த வருஷத்துக் குறைந்தபட்சக் கூலி. ‘இன்னும் இரண்டு ஷிப்ட் வா, ஆள் இல்லை’ என்று மேலாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். முடியாது என்று சொல்லப் பயமாக இருக்கும். சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், வேலை போகவில்லை.

இந்த விழா எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். 1947இல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா ஒன்று தொடங்கினார்கள். அதற்கு அழைப்பே இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டார்கள். அதுதான் ஃப்ரிஞ்ச். இன்றைக்கும் தேர்வுக் குழு என்று ஒன்று கிடையாது, இடம் பிடிக்க முடிந்தவர் யாரும் மேடை ஏறலாம். நான் இருந்த வருஷம் ஆகஸ்ட் 2 முதல் 26 வரை, 3,000க்கும் மேல் நிகழ்ச்சிகள். தேவாலயம், கல்லூரி வகுப்பறை, பாருக்குக் கீழே இருக்கிற நிலவறை, எல்லாம் அரங்கம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி. ஒருவர் முடித்துக் கிளம்பிய கையோடு அடுத்தவர் சாமானைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். திருவையாறு ஆராதனைக்குப் போனவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும், இரண்டு மேடை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்குக் கொஞ்ச நிமிஷம் என்று வரிசையாகப் பாடிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், திருவையாற்றில் பாடுகிறவர் காசு வாங்குவதில்லை, கேட்கிறவர் கொடுப்பதில்லை. இங்கே ஆடுகிறவர் இடத்துக்குக் காசு கட்டுகிறார், அது டிக்கெட்டில்தான் திரும்பி வரவேண்டும். பெரும்பாலும் வருவதில்லை.

எங்கள் கவுண்டர் ஒரு முற்றத்தில் போட்ட மரக்கொட்டகை. மூன்று ஜன்னல், மூன்று கம்ப்யூட்டர், காலடியில் ஒரு ஹீட்டர். ஆகஸ்டில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள், அந்த ஊர் மழை அப்படி. பயிற்சி ஒரே ஒரு நாள். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் துணையாக வருபவரிடம் காசு வாங்கக்கூடாது, நிகழ்ச்சி ரத்தானால் மட்டும் பணம் திருப்பித் தரலாம், தாமதமாக வந்தவரை உள்ளே விடக்கூடாது. அப்புறம் ஒன்று: ‘எதைப் பார்க்கலாம்?’ என்று கேட்டால் நமக்குப் பிடித்ததைச் சொல்லக்கூடாது. எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன மாதிரி பிடிக்கும் என்று கேட்டு, அதற்குப் பொருந்துகிற நாலைந்தைக் காட்டவேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, ஆடிப்பதினெட்டு. காலை ஐந்தரைக்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டார், ஊரில் அப்போது பத்து மணி. அந்த வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவைக்குத் தண்ணீர் இல்லை, ஜூலை கடைசியில்தான் அணை நிரம்பித் தண்ணீர் வந்தது. அதனால் படித்துறையில் கூட்டமான கூட்டம். அம்மா போனைத் தண்ணீரை நோக்கிப் பிடித்தார், காதோலை கருகமணி வைத்த வாழை இலை ஒன்று மிதந்து போனது. நான் போர்வைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, குளித்துவிட்டு, ஷிப்டுக்குப் போனேன்.

அன்று பன்னிரண்டு மணி வாக்கில் என் ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், மழைக்கோட்டு, கையில் நனைந்துபோன நோட்டீஸ் கட்டு. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளை இந்தியாவோ?”

ஆமாம் என்றேன். அவர் யாழ்ப்பாணம், லண்டனில் முப்பது வருஷம். மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள், தினமும் ஒன்றேகால் மணிக்கு எங்கள் கட்டடத்திலேயே. தஞ்சாவூர் ஜில்லா என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “தஞ்சாவூரோ! எங்கட பிள்ளை ஆடுறதெல்லாம் உங்கட ஊர்ச் சாமானல்லோ!” உடனே குரலைத் தணித்துக்கொண்டு, “இண்டைக்கு எத்தினை டிக்கெட் போயிருக்கு?” என்றார்.

திரையைப் பார்த்தேன். அறுபது இருக்கை, நாலு டிக்கெட்.

கவுண்டரில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும். கலைஞருக்கு முன்னாடி அந்த எண் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தினமும் இருபது பேராவது ஜன்னலுக்கு வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள், சிலர் நேராக, சிலர் வேறு ஏதோ கேட்கிற மாதிரி வந்து. எண்ணைச் சொல்லும்போது முகத்தில் எதுவும் காட்டாமல் சொல்லப் பழகவேண்டும், பரிதாபப்பட்டால் அவர்களுக்கு அது இன்னும் வலிக்கும். நான் அன்று “நாலு, அங்கிள்” என்றேன். “சரி, நாலு பேர் நாலு பேர்தானே” என்றார். நோட்டீஸ் கட்டைத் தட்டிச் சீராக்கிக்கொண்டு மறுபடி மழையில் இறங்கினார். அங்கே ராயல் மைல் என்று கோட்டையிலிருந்து இறங்கி வருகிற தெரு, அதில் இந்த மாதிரி நூற்றுக்கணக்கானவர்கள் நோட்டீஸ் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நல்ல விமர்சனம் வந்தவர்கள் நட்சத்திரம் அச்சிட்ட சீட்டை நோட்டீஸின் மேல் ஸ்டேப்ளர் அடித்திருப்பார்கள். அவர் நோட்டீஸில் எதுவும் இல்லை.

தாமதமாக வருகிறவர்கள் கதையை ஒன்றாவது சொல்லவேண்டும். கோட்டையில் ஞாயிறு தவிர தினமும் சரியாகப் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், 1861இலிருந்து நடக்கிறது. எனக்கு அதுதான் மணி. பீரங்கி கேட்டால் ஒன்றேகால் நிகழ்ச்சிக்கு ஆளை உள்ளே அனுப்பத் தொடங்கவேண்டும். ஒரு நாள் வயதான தம்பதி ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு ஓடி வந்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்த ரயில் தாமதம். அந்த அறைக்கு ஒரே கதவு, அது மேடைக்குப் பக்கத்திலேயே திறக்கும், திறந்தால் ஆடுகிறவர் மேல் வெளிச்சம் விழும். முடியாது என்றேன். அவர் கத்தினார், மனைவி ஒன்றும் பேசாமல் நனைந்த தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மெலட்டூரில் ராத்திரி முழுக்க நடக்கிற பாகவத மேளா நாடகத்தை நினைத்துக்கொண்டேன், ராத்திரி எப்போது வேண்டுமானாலும் போகலாம், நடுவில் தூங்கலாம், விடியற்காலை நரசிம்மம் வருகிற நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பிவிடுவார். அங்கே வளர்ந்த எனக்கு, ஐந்து நிமிஷத்துக்காக ஒரு கிழவரைத் திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. ஆனால் உள்ளே ஒரு பெண் தனியாக நின்று ஆடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இருப்பது ஐம்பது நிமிஷம். மேலாளரிடம் கெஞ்சி இரண்டரை மணி நிகழ்ச்சிக்கு மாற்றிக் கொடுத்தேன். போகும்போது அந்த அம்மா என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

பரதநாட்டியம் என்றால் என்ன என்று ஜன்னலில் கேட்பார்கள். ‘இந்திய பாலேவா?’ என்பார்கள். இல்லை என்று சொல்லி, தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி காலத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாலு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற இன்றைய வரிசைக்கு உருவம் கொடுத்தது அவர்கள்தான், அந்த ஊர் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்பேன். இதில் சிபாரிசு எங்கே இருக்கிறது? கேட்டதற்குப் பதில். பின்னால் வரிசை நின்றாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவேன். எண் ஏழு ஆனது, ஒன்பது ஆனது, ஒரு சனிக்கிழமை பதினேழு. அங்கிள் தினமும் வந்து கேட்பார். ஒரு நாள் பருத்தித்துறை வடை ஒரு பொட்டலம் ஜன்னல் வழியாக நீட்டினார், நம் ஊர்த் தட்டை மாதிரி, உறைப்பு இன்னும் தூக்கலாக.

ஆகஸ்ட் 14, புதன். இடம் காலியாக இருந்தால் ஊழியர்கள் சும்மா போய்ப் பார்க்கலாம், அன்று இடைவேளையில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று பேர் இருந்தார்கள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. சுற்றிக் கருப்புத் துணி கட்டிய வகுப்பறை. பாட்டு, மிருதங்கம், தாளம் தட்டி ஜதி சொல்கிற நட்டுவாங்கம் எல்லாம் ரெக்கார்டு, நாலு கலைஞர்களை மூன்றரை வாரம் அங்கே தங்க வைக்க யாரால் முடியும்? இருப்பதிலேயே நீளமான உருப்படியான வர்ணத்தைப் பாதியாக வெட்டியிருந்தாள், இல்லாவிட்டால் ஐம்பது நிமிஷத்துக்குள் அடங்காது. பதம் முடிந்து தில்லானா தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் நின்றுவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெண் நிற்கவில்லை, இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று போல, வெறும் சலங்கையிலேயே ஓட்டினாள். ஒலி பார்த்துக்கொண்டிருந்த பையன் வயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார், அவளுடைய அம்மாதான், அவர்தான் குருவும். ஸ்வெட்டர் மேல் மழைக்கோட்டோடு போய் மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் விளக்கு வைக்கிற மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு வாயால் ஜதி சொல்லத் தொடங்கினார். தாம் தித் தாம் தை. குரல் முதலில் நடுங்கியது, நாலாவது அடியில் அந்த நடுக்கம் நின்றுவிட்டது. அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அதற்கப்புறம் ஆடின வேகமே வேறு. ஆட்டத்தை முடிக்கிற கடைசித் தீர்மானத்தில் அம்மா தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார், மகளும் இழுத்தாள், விட்டார், விட்டாள். பையன் வயரைக் கீழே போட்டுவிட்டு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர், அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உள்ளேயிருந்து வந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். நிகழ்ச்சிப் புத்தகம் முழுக்கப் பென்சிலில் வட்டம் போட்டு வைத்திருப்பார், தினமும் நாலு பார்ப்பவர். ‘அந்த அம்மா நாளைக்கும் வாயால் சொல்வாரா?’ என்று கேட்டார். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ‘சொல்வதாக இருந்தால் எனக்கு மூன்று டிக்கெட்’ என்றார்.

அங்கிளிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. “அவ இருவது வருஷமா பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறா, மேடையில இருந்ததில்லை” என்றார். அடுத்த நாளிலிருந்து அந்த அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, நட்டுவாங்கத் தாளத்தோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டு வர்ணத்துக்கும் பதத்துக்கும் மட்டும் ரெக்கார்டு, அலாரிப்பும் தில்லானாவும் அம்மாவின் வாய். எண் இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று ஏறியது. கடைசி ஞாயிறு என் ஷிப்டில் ஐம்பத்திரண்டு. அன்று அங்கிள் எண் கேட்க வரவில்லை. நானே எழுதி ஒரு சீட்டில் கொடுத்தனுப்பினேன்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வாசலில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். எத்தனை டிக்கெட் என்பதை அவர் காதிலேயே வாங்கவில்லை. ஸ்பீக்கர் நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“அதுவரைக்கும் ரெக்கார்டுக்குத்தான் ஆடுச்சா அந்தப் புள்ள? பன்னெண்டு நாளும்?”

ஆமாம் என்றேன்.

“அந்தத் தீர்மானத்துல அம்மா இழுத்தான்னியே, எத்தன அட்சரம் இழுத்தா? தட்டிக் காட்டு.”

எனக்குத் தெரிந்த மாதிரி திண்ணையில் தட்டிக் காட்டினேன். அப்பா வாரை விட்டுவிட்டு, இன்னொரு தரம் தட்டச் சொன்னார்.