பழைய காருக்கு ‘நிலைமீட்டல்’: ஒரு சொல் முன்மொழிவு

அன்பான நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும் ‘ரெஸ்டோரேஷன்’ வேலைக்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை ஒரு வாரமாக ஓடுகிறது. சென்னை நண்பர் ‘மீளுருவாக்கம்’ என்றார். ரொறன்ரோ நண்பர் ‘புனரமைப்பு’ என்றார். ‘புதுப்பித்தல்’ போதுமே, ஏன் இத்தனை பாடு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், வீட்டு மாமரத்துக்குக் கீழே தகரம் போட்டு இறக்கிய சாய்ப்பில், இரண்டு வருடமாக ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் என்ற பழைய பிரித்தானியக் காரோடு மினக்கெடுகிறவன். இந்தச் சொல் எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று சொற்களையும் பார்ப்போம். ‘புதுப்பித்தல்’ என்றால் இங்கே எவருக்கும் நினைவுக்கு வருவது வருடா வருடம் பிரதேச செயலகத்தில் வாகன வரிப்பத்திரம் புதுப்பிப்பதுதான். அதைவிட, இந்த வேலையில் நாம் புதிதாக்குவதைத்தான் முடிந்தவரை தவிர்க்கிறோம். ‘புனரமைப்பு’ போருக்குப் பிறகு வீதிக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நட்ட பெயர்ப்பலகைகளோடு ஒட்டிப்போய்விட்டது. இடிந்ததைத் திரும்பக் கட்டுவது என்ற பொருள் அதற்கு உறுதியாகிவிட்டது. ‘மீளுருவாக்கம்’ எனக்கு ஒத்துவரவே இல்லை. பழைய காரைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்தால் அதுதான் மீளுருவாக்கம். நான் வைத்திருப்பது அந்தக் காரேதான்.

யாழ்ப்பாணத்தில் ‘ரிப்பேர்’ என்பதற்கு ஏற்கெனவே நல்ல சொல் உண்டு: திருத்துதல். ‘கார் திருத்தக் குடுத்திருக்கு’ என்றுதான் பேசுவோம். கடைப் பலகையில் ‘திருத்தகம்’ என்று எழுதுவோம். ஓடாததை ஓடவைத்தால் திருத்தல் முடிந்தது. என் காரை வாங்கி மூன்றாம் மாதமே ஓடவைத்துவிட்டேன். அதற்குப் பிறகு செய்துகொண்டிருப்பதற்குத்தான் பெயர் இல்லை.

எனக்குச் சொல் கிடைத்தது அடைவுக் கடையில். சின்ன வயதில் அம்மாவோடு நகை மீட்கப் போயிருக்கிறேன். கடைக்காரர் சங்கிலியைத் தந்ததும் அம்மா அங்கேயே வெளிச்சத்தில் பிடித்து, கொளுக்கிக்குப் பக்கத்தில் முன்பு பத்துவைத்த, அதாவது பற்றவைத்து ஒட்டிய, இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அதே நிறையில், அதே மாற்றில் வேறு சங்கிலி தந்தால் அது மீட்டதாகாது. பத்து வைத்த அந்தச் சங்கிலியே திரும்பி வர வேண்டும். ‘மீட்டல்’ என்ற சொல்லுக்குள் ‘அதுவே’ என்ற பொருள் இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

யாழ் மீட்டுவதோடு குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. ‘மீள்’ என்ற வினையிலிருந்து மீட்டான், மீட்ட. யாழுக்கு மீட்டினான், மீட்டிய. ‘மீட்ட கார்’, ‘மீட்டிய யாழ்’ என்று எச்சத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

இதோடு மடலை முடித்திருப்பேன். ஆனால் மானிப்பாய்க்காரனுக்குக் கிறீன் வைத்தியரின் நினைவு வராமல் போகாது. 1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு இங்கே தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தவர் அவர். அனாட்டமிக்கு அவர் தந்த சொல் ‘அங்காதிபாதம்’. பாதாதிகேசம் என்று அடிமுதல் முடிவரை பாடிய மரபை நினைவூட்டும் சொல். எவ்வளவு அழகு! ஆனாலும் அது நிற்கவில்லை, இன்று உடற்கூற்றியல் என்கிறோம். பேக்கரிக்கு வைத்த ‘வெதுப்பகம்’ நின்றது. பாண் வாங்கப் போகிறவன் அதைத் தினமும் பலகையில் பார்க்கிறான், பார்த்ததும் விளங்குகிறது. ஆகவே என் சொல்லையும் அந்த வேலை செய்கிறவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

எனக்கு ரிங்கர் வேலை, அதாவது தகடு தட்டி நெளிவெடுக்கும் வேலை, செய்து தருகிறவர் அறுபது கடந்தவர். மட்காட்டின் நெளிவை உள்ளே ஒரு கட்டை கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பார். இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும் என்பார். புட்டி பூசி மறைக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவரிடம் ‘மீட்ட கார்’ என்றேன். “மீட்ட கார் எண்டால், லீசிங்காரன் தூக்கிக்கொண்டு போய்க் காசு கட்டி எடுத்த காரோ தம்பி?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். களவு போய்ப் பொலிஸ் பிடித்துத் தந்ததும் மீட்ட கார்தான், பள்ளத்தில் விழுந்து இழுத்தெடுத்ததும் மீட்ட கார்தான். எதை மீட்டோம் என்பது சொல்லில் வர வேண்டும். கார் எங்கும் போகவில்லை. போனது அதன் நிலை. அப்படி வந்ததுதான் ‘நிலைமீட்டல்’. “ஓம், பழைய நிலைக்கு எடுக்கிறது. அது விளங்குது” என்றார் அவர்.

இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. ‘நிலை’ என்றதும் ‘எந்த நிலை?’ என்ற கேள்வி தானாக எழும். இந்த வேலையில் மிகக் கடினமான கேள்வியே அதுதான்.

சோமர்செற் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. எஞ்சின் 1,200 சிசி. என்னுடையது 1953-இல் செய்தது, சுன்னாகத்தில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடியது. கதவுப் பிணைச்சலுக்கு உட்பக்கம் தண்ணீர் தொட்டு எமரி பேப்பரால் உரசினேன். மேலே வான்நீலம். அதற்குக் கீழே தூரிகையால் பூசிய கடும்பச்சை, அதில் தூரிகை மயிர் ஒன்று அப்படியே பதிந்து கிடந்தது. பூச்சுத் தெளிக்கும் கம்பிறசர் ஓட மின்சாரம் இல்லாத போர்க்காலத்துப் பூச்சு. அதற்கும் கீழே, நகத்தளவு இடத்தில், தொழிற்சாலைச் சாம்பல் நிறம்.

பொனற்றைத் திறந்தால் காபரேற்றருக்கு மேலே, பின் தகட்டில் ஒரு வளைந்த இரும்புப் பட்டி பற்றவைத்திருக்கிறது. போத்தல் பிடிக்க. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத நாள்களில், போத்தலில் இருந்த கொஞ்சப் பெற்றோலைச் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடான எஞ்சினில்தான் எரியும். பெற்றோலைவிட எளிதில் நேரம் தப்பி வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். இந்தப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு, 7-ஐ ஒட்டியது என்பதால் தாங்கின. புகை கக்கின, கரி பிடித்தன, எரியாத மண்ணெண்ணெய் வடிந்து அடியில் ஒயில் தண்ணீர்போல நீர்த்துப்போனது. ஆனாலும் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 

1953-ஆம் ஆண்டு நிலைக்கு மீட்பதென்றால் அந்தப் பட்டியை வெட்டி எறிய வேண்டும். ‘மீளுருவாக்கம்’ என்றாலும் ‘புதுப்பித்தல்’ என்றாலும் அந்தக் கேள்வியே எழாமல் பட்டி போயிருக்கும். நிலைமீட்டல் என்றால் நாம் சொல்லியாக வேண்டும்: தொழிற்சாலை நிலைக்கு மீட்டதா, ஓட்ட நிலைக்கு மீட்டதா, 1990-களின் நிலைக்கு மீட்டதா. மூன்றும் இலக்கணமாக அமர்கின்றன. ‘நிலைமீட்ட கார்’, ‘நிலைமீட்பாளர்’ என்றும் சொல்லிப் பார்த்தேன், வாயில் இடறவில்லை.

இனி, காரை நம் தேவைக்கு ஏற்ப மாற்றும் ‘கஸ்டமைசிங்’. கணினித் திரையில் வரும் ‘தனிப்பயனாக்கம்’ காருக்கு வேண்டாம். ‘மாற்றியமைத்தல்’ என்று எல்லோரும் சொல்கிறோம், அதுவே இருக்கட்டும். உதாரணத்துக்கு, இந்தக் காரின் கதவுத்தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டியைப் பழையபடி வேலைசெய்ய வைத்தது நிலைமீட்டல். பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது என்பதால் மினுங்கும் விளக்கும் சேர்த்தேன், அது மாற்றியமைத்தல். பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்திருந்ததை எதிர்முனைக்கு மாற்றியதும் அப்படித்தான், வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் தனிச்சொல் வேண்டும் என்று நினைக்கிறேன். மொறிஸ் மைனருக்குள் நிசான் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இறக்குகிறார்களே, அதற்கு. ‘ஒட்டு’ என்று சொல்லலாமா? ஒட்டுமாங்கன்றில் அடிக்கட்டை ஒன்று, ஒட்டிய கிளை ஒன்று, இரண்டும் ஒரு மரமாகி வளரும். காரின் உடல் கட்டை, எஞ்சின் கிளை. ‘ஒட்டு எஞ்சின்’ என்றால் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று நட்ட எவருக்கும் விளங்கும். ஆனால் ‘ஒட்டுவேலை’ என்றால் ஒப்பேற்றிய வேலை என்ற இளப்பமும் இருக்கிறது. நன்றாகச் செய்கிறவர்களை அது நோகடிக்கும். இதில் எனக்குத் தெளிவில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள்.

‘நிலைமீட்டல்’ என்பதைச் சொற்பட்டியலில் சேர்க்க மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த கிழமை எஞ்சின் அறைக்கு வண்ணம் அடிக்கிறோம். போத்தல் பட்டியை வெட்டவில்லை, அதைச் சுற்றிக் கடதாசி ஒட்டி மறைத்திருக்கிறேன்.

மானிப்பாயிலிருந்து,
அன்புடன்