பிரிட்டன் பார்லிமென்டுக்கு நிஜமாவே கடிவாளம் இல்லையா?

ராக்கோழி:
யுகே பப்ளிக் லா அசைன்மென்ட், தலைப்பு பார்லிமென்ட் இறையாண்மை. சட்ட அறிஞர் டைசி 1885-ல சொன்னது புரியுது, பார்லிமென்ட் எந்தச் சட்டத்தையும் போடலாம் எடுக்கலாம், அது போட்டதை வேற யாரும் செல்லாதுன்னு சொல்ல முடியாது. ஆனா ஃபேக்டர்டேம் கேஸ்ல 1988 மெர்ச்சன்ட் ஷிப்பிங் ஆக்டையே கோர்ட்டு ஓரங்கட்டிருச்சே, அப்போ டைசி காலாவதின்னு எழுதிடலாமா? நம்ம ஊர்ல 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு, அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பை பார்லிமென்டே மாத்த முடியாதுன்னு படிச்சிட்டு வந்தவனுக்கு இது மண்டையில ஏறவே மாட்டேங்குது

சட்டப்பூச்சி:
அவசரப்பட்டு காலாவதின்னு எழுதிடாதீங்க, மார்க் போயிடும். ஸ்பெயின்காரங்க பிரிட்டன்ல கப்பலைப் பதிவு பண்ணி பிரிட்டனோட மீன்பிடி கோட்டாவை அள்ளிட்டுப் போறாங்கன்னு, ஓனர் பிரிட்டிஷ்காரரா இருக்கணும்னு கொண்டுவந்த சட்டம் அது. ஐரோப்பிய சட்டத்தோட மோதின இடத்துல கோர்ட்டு அதை அமல்படுத்தாம நிறுத்துச்சு, ரத்தெல்லாம் பண்ணல. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க, பார்லிமென்டே 1972-ல போட்ட ஐரோப்பிய சமூகங்கள் சட்டத்துல இருந்து. தானா விரும்பி ஏத்துக்கிட்ட கட்டுப்பாடுதான்னு அந்தக் கேஸ்ல நீதிபதி லார்ட் பிரிட்ஜே சொல்லிட்டார். அப்புறம் பிரெக்ஸிட் வந்தப்போ அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க, கதை முடிஞ்சது

எதிர்க்கட்சி:
கதை அவ்வளவு சுலபமா முடியல பாஸ். 1972 பார்லிமென்ட் 1988 பார்லிமென்டோட கையைக் கட்டிருச்சுல்ல? பின்னாடி வந்த சட்டம் முன்னாடி இருந்ததை அடிக்கும்ங்கறதுதானே பழைய ரூல். அதனாலதான் சட்டப் பேராசிரியர் வேட் மாதிரி ஆளுங்க இதைப் புரட்சின்னே சொன்னாங்க. 2005 ஜாக்சன் கேஸையும் பாருங்க, நரி வேட்டைத் தடைச் சட்டம் சம்பந்தப்பட்டது, அதுல நீதிபதி லார்ட் ஹோப் இறையாண்மை இனிமே வரம்பில்லாதது இல்லைங்கற மாதிரி எழுதினார். தீர்ப்புக்கு அவசியமில்லாத கருத்துதான், ஆனாலும் மூணு நீதிபதிங்க அந்தப் பக்கம் சாஞ்சு பேசினாங்க

சட்டப்பூச்சி:
பேசினாங்க, சரி, எந்தச் சட்டத்தையாவது தூக்கினாங்களா?

கையைக் கட்டுறதுன்னா 2011 நிலையான பதவிக்காலச் சட்டத்தைப் பாருங்க. முன்கூட்டியே தேர்தல் வேணும்னா மூணுல ரெண்டு பங்கு எம்பிங்க ஓட்டு வேணும்னு கெத்தா எழுதி வச்சாங்க (இன்னொரு வழி அரசு மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம்). 2019 அக்டோபர்ல அப்போதைய பிரதமர் ஜான்சனுக்கு அந்த மூணுல ரெண்டு கிடைக்கல. மறுநாளே குட்டியா ஒரு மசோதா, அதுக்கு சாதாரண மெஜாரிட்டி போதும், காமன்ஸ்ல (எம்பிங்க இருக்கற கீழ்சபை) பாஸ், டிசம்பர் 12 தேர்தல் முடிஞ்சே போச்சு. பழைய சட்டத்தை ரத்து பண்ணக்கூட இல்ல, சுத்திக்கிட்டு போயிட்டாங்க. எனக்கு இதுதான் ஃபேக்டர்டேமை விட நல்ல உதாரணம், யாரும் எழுதறதில்ல

எண்ணெய்ச்சட்டி:
பர்மா ஆயில் கம்பெனி கேஸை விட்டுட்டீங்களே! 1942-ல ஜப்பான் கைக்குப் போகக் கூடாதுன்னு ரங்கூன்ல அந்தக் கம்பெனியோட எண்ணெய் கிடங்கையெல்லாம் பிரிட்டிஷ் படையே அழிச்சாங்க, இழப்பீடு கொடுக்கணும்னு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் (அப்போ அதுதான் அங்க உச்ச கோர்ட்டு) தீர்ப்பு சொல்லுச்சு. பார்லிமென்ட் என்ன பண்ணுச்சு தெரியுமா, 1965-ல போர்ச் சேதச் சட்டம்னு ஒண்ணு, அதுவும் முன்தேதியிட்டு. ஜெயிச்ச கேஸ்ல காசு போச்சு

ராக்கோழி:
அடப்பாவிகளா. முன்தேதியிட்டு போட்டதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வழியே இல்லையா?

எண்ணெய்ச்சட்டி:
அங்க எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க? இன்னிக்கு நடந்தா 1998 மனித உரிமைச் சட்டத்தை வச்சு மனித உரிமைகளோட முரண்படுதுன்னு கோர்ட்டுல ஒரு அறிவிப்பு வாங்கலாம், அதுக்கப்புறமும் அந்தச் சட்டம் பாட்டுக்கு அமல்ல இருக்கும், மாத்தறதும் மாத்தாததும் பார்லிமென்ட் இஷ்டம்